எதுகை தட்டாத மாலை

தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சிங்கப்பெருமாள் கோவில். பல்லவர் காலக் குடைவரையில் பாடலாத்ரி நரசிம்மர். தீபாராதனையின்போது அர்ச்சகர் நெற்றித் திருமண்ணை லேசாக விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டுவார். எல்லோரும் எக்கி எக்கிப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டு, கொஞ்சம் கீழே, மார்பில் கிடக்கும் துளசி மாலையையும் பாருங்கள். சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம், ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். மாலைக்கு எழுதினால் என்ன?

மோனை, எதுகை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'தொடை'. தொடுப்பதிலிருந்து வந்த சொல். பூக்காரரிடம் கவிஞர்கள் வாங்கிய கடன், இன்னும் திருப்பித் தரவில்லை.

நல்ல மாலையில் நார் கண்ணில் படக்கூடாது. முடிச்சு இறுகினால் காம்பு அறுந்துபோகும், தளர்ந்தால் பூ நழுவும். நடுவில் இருக்கும் அந்தப் பதம் விரலுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கடையோடு வம்பு பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல் கட்டுவார்கள். துளசி இன்னும் கஷ்டம். ஒவ்வொரு கொத்தும் ஒரு அளவு. கூட்டிக் குறைத்து வைக்கலேன்னா எதுகை தட்டிவிடும்.

இந்தக் கணக்கில் இன்றைய கல்யாண மாலைகள் பலவற்றுக்கு நான் பாஸ் மார்க் போடமாட்டேன். ரோஜா இதழை ஊசியில் கோத்து, நடுநடுவே ஜிகினா, பிளாஸ்டிக் முத்து. மாப்பிள்ளை குனிந்தால் நிமிர முடியவில்லை. (கோப்பதும் கலைதான் என்று சண்டைக்கு வராதீர்கள். சரி, அரை மார்க்.)

ஒப்பிட்டுப் பார்க்க நாகர்கோவில் பக்கம் தோவாளைக்குப் போகணும். அங்கே மாணிக்க மாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. அவ்வளவுதான் சரக்கு. பூவை மடித்து மடித்து வரிசையாகக் கட்டினால் பாய் பின்னியது போலத் தட்டையாக, கல் பதித்த நகை போல நிற்கிறது. ஜிகினா கிடையாது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி வரைக்கும் போன மாலை.

2025-ல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பெயருக்குப் பாதுகாப்பு வந்தாச்சு. விரலுக்கு? முகூர்த்த நாளில் 'மல்லி என்ன ரேட்?' என்று விசாரிக்கிறோம். கட்டுகூலியை யார் விசாரிக்கிறார்கள்?

சிங்கப்பெருமாள் கோவில் வாசலில் துளசி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் கேட்டுப் பார்த்தேன். கை நிற்கவில்லை.

"அது மாலையிலேயே அடக்கம் சார். தனியா கேட்டா யார் குடுப்பாங்க?"