ஒப்புரவும் வழிபாடும்: வேதநாயக சாஸ்திரியாரை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் குறித்து இதுவரை வெளிவந்துள்ள ஆய்வுகளைப் பெரும்பாலும் இரு வகைகளில் அடக்கிவிடலாம். குறவஞ்சி, நொண்டி நாடகம், மாலை, கீர்த்தனை முதலிய தமிழ் இலக்கிய வகைகள் கிறித்தவப் பொருளை ஏற்றுக்கொண்ட முறையை விளக்குவன ஒரு வகை. சமயப் பணியாளர்களின் மொழித்தொண்டினை எடுத்துரைப்பன மற்றொரு வகை. இவ்விரு வகையிலும் பாடுவோனுக்கும் இறைவனுக்கும் இடையிலான உறவு விரிவாகவே பேசப்பட்டுள்ளது. பாடுவோனுக்கும் அவன் அருகில் அமர்ந்து அதே பாடலைப் பாடும் சக மனிதனுக்கும் இடையிலான உறவு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மனித உறவுகள் வழிபாட்டின் தகுதியைத் தீர்மானிக்கின்றன என்பது கிறித்தவ மறைநூலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும். எனவே, இவ்விடைவெளி சிறியதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) படைப்பையும் அவர் ஈடுபட்ட ஒரு பூசலையும் அருகருகே வைத்து இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புரவு என்னும் சொல்

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் (5:23-24) காணிக்கை செலுத்தப் பீடத்தருகே வந்து நிற்கும் ஒருவனைப் பற்றிய கட்டளை இடம்பெறுகிறது. தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டு என்று அவ்விடத்தில் நினைவு வருமானால், அவன் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுச் சென்று முதலில் உறவைச் சீர்செய்ய வேண்டும். அதன் பின்னரே காணிக்கை செலுத்த வேண்டும். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வழிபடுபவனுக்குப் பிறர்மேல் உள்ள மனக்குறை இங்குப் பேசப்படவில்லை. பிறருக்கு அவன்மேல் உள்ள குறையே பேசப்படுகிறது. ஆகவே, 'என் மனத்தில் யார்மீதும் பகையில்லை' என்று கூறி ஒருவன் இக்கட்டளையிலிருந்து விலகிக்கொள்ள இயலாது. குறை உண்டா இல்லையா என்று சொல்லும் உரிமை மற்றவனிடம் இருக்கிறது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரமும் இதே திசையில் செல்கிறது. திருவிருந்தில் சிலர் முந்திக்கொண்டு உண்ண, சிலர் பசித்திருக்கும் நிலையைக் கண்ட அவர், அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என மறுக்கிறார். சடங்கு பிழையின்றி நடந்தும் உறவின் குறையால் அது வழிபாடாகாமல் போகிறது. ஆமோஸ் இறைவாக்கினரும் நீதியற்ற மக்களின் பாடலோசையை இறைவன் வெறுப்பதாகவே உரைக்கிறார்.

மத்தேயுவின் கட்டளையைத் தமிழாக்கிய மொழிபெயர்ப்பு, உறவைச் சீர்செய்தலுக்கு 'ஒப்புரவாகுதல்' என்னும் சொல்லை ஆண்டுள்ளது. தமிழ் கற்பிப்போருக்கு இச்சொல் திருக்குறளின் 'ஒப்புரவறிதல்' என்னும் இருபத்திரண்டாம் அதிகாரத்தை உடனே நினைவூட்டும். அவ்வதிகாரத் தலைப்புக்குப் பரிமேலழகர் உலகநடையினை அறிந்து செய்தல் எனப் பொருள் கொள்கிறார். ஆக, ஒப்புரவு என்பது ஒருபுறம் உலக வழக்கோடு ஒத்து ஒழுகுதலையும், மறுபுறம் முறிந்த உறவைப் பொருத்துதலையும் குறித்து நிற்கிறது. உலக வழக்கே உறவை முறிப்பதாக அமையும்போது எந்த ஒப்புரவைக் கொள்வது என்னும் வினா எழுகிறது. தமிழகக் கிறித்தவச் சபைகள் இவ்வினாவைத் தம் ஆலய இருக்கைகளிலேயே எதிர்கொண்டன.

தரங்கம்பாடி மரபு

1706ஆம் ஆண்டு சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்ததோடு தமிழகத்தில் சீர்திருத்தத் திருச்சபை தொடங்குகிறது. அச்சபையில் வெள்ளாளரும் பறையரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே அமர்ந்தனர். 1733இல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அருட்பொழிவு பெற்றார். 1741இல் தியாகு அருட்பொழிவு பெற்றார். தஞ்சைப் படையில் வீரராக இருந்து உபதேசியாராகி நெடுங்காலம் உழைத்த இராஜநாயக்கன் தகுதி வாய்ந்தவராக மதிக்கப்பட்டும் குருவாக்கப்படவில்லை. பறையர் குலத்தவர் கையிலிருந்து நற்கருணை பெற மற்றவர் இசையமாட்டார்கள் என்பதே அதற்குக் காரணமாயிற்று. சாதி என்பது நாட்டு வழக்கு, சமயம் வேறு என்னும் பிரிப்பு இவ்வாறு வழிபாட்டின் உள்ளமைப்பாகவே நிலைபெற்றது.

'நான்கு கொடுமைகள்'

இம்மரபில் வளர்ந்தவரே வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியோடு ஒருசாலை மாணாக்கராகப் பயின்றவர். 1820களில் ஹௌப்ரோ முதலிய இளைய பணியாளர்கள் தஞ்சைச் சபையில் மாற்றங்களைப் புகுத்தினர். அவற்றை எதிர்த்துச் சாஸ்திரியார் எழுதியவற்றுள் நான்கு கொடுமைகள் சுட்டப்படுகின்றன. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், வெவ்வேறு சாதியாரை ஒன்றாகக் கலந்து அமரச் செய்தல், விழாக்களில் மலர்களை விலக்குதல், தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தல் ஆகியன அவை. டெனிஸ் ஹட்சன் இப்பூசலின் ஆவணங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தபோது இப்பூசல் மேலும் முற்றியது. பலர் சபையைவிட்டு விலகினர்.

இந்நான்கினையும் ஒரே நிறையில் வைத்துப் பார்ப்பது திறனாய்வாகாது. மொழிபெயர்ப்பு, மலர், கீர்த்தனை ஆகிய மூன்றும் அயலவர் அதிகாரம் ஒரு மக்களின் வழிபாட்டு மொழியைப் பறித்ததைக் குறிக்கின்றன. இவற்றில் சாஸ்திரியாரின் முறையீடு நியாயமானது. காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அன்று தடுக்கப்பட்ட கீர்த்தனை இன்று தமிழகத்திலும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்த் திருச்சபைகளிலும் வழிபாட்டின் உயிர்நாடியாக விளங்குகிறது. இருக்கை பற்றிய முறையீடோ வேறு தன்மையது. முதல் மூன்றில் துன்புற்றவர் பேசுகிறார். நான்காவதில் பிறரைத் துன்புறுத்தும் ஓர் ஏற்பாட்டைக் காக்க முயல்பவர் பேசுகிறார். இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே சொல்லால் குறிக்கப்பட்டிருப்பதே இவ்வாவணத்தின் துயரமாகும்.

எனினும், பணியாளர்களின் செயலும் மத்தேயுவின் கட்டளைக்கு முற்றும் இசைந்ததாகத் தோன்றவில்லை. சமத்துவத்தை அவர்கள் ஆணையாக விதித்தனர். ஓர் உறவைச் செம்மைப்படுத்தப் புகுந்தவர்கள், தமக்கும் சபையாருக்கும் இடையிலான மற்றோர் உறவை முறித்துக்கொண்டனர். அவர்களுடைய நோக்கம் நேரியது என்பதை ஒப்புக்கொள்வது, அவர்கள் கையாண்ட முறையை ஏற்பதாகாது. அதேவேளை, முறை பிழையானது என்பதைக் காட்டி நோக்கத்தைத் தள்ளிவிடவும் முடியாது.

குறவஞ்சியில் நீட்டிய கை

சாஸ்திரியாரின் புகழ்பெற்ற படைப்பான பெத்லகேம் குறவஞ்சியை இப்பின்னணியில் மீண்டும் படிக்க வேண்டியுள்ளது. குறவஞ்சி இலக்கியத்தின் நடுநாயகமான நிகழ்ச்சி குறி சொல்லுதல். உயர்குடித் தலைவி, மலையிலிருந்து வரும் குறத்தியை அழைத்து அருகிலிருத்தித் தன் கையை நீட்டுகிறாள். குறத்தி அக்கையைப் பற்றிக் குறி உரைக்கிறாள். தலைவியின் வாழ்வுக்குரிய உண்மை அந்தத் தொடுகையின் வழியாகவே வெளிப்படுகிறது. சாஸ்திரியார் இவ்வமைப்பைத் திருச்சபைக்கும் கிறித்துவுக்கும் இடையிலான காதலாக மாற்றியமைத்தார். தலைவி சபையாகவும், குறத்தி விசுவாசமாகவும், பறவை பிடிக்கும் சிங்கன் நற்செய்தி அறிவிப்போனாகவும் உருவகம் பெறுகின்றனர்.

இவ்வுருவகத்தின்படி, சபை தன் தலைவனை அடைய வேண்டுமாயின் குறத்தியின் கையில் தன் கையைக் கொடுக்க வேண்டும். விளிம்பில் நிற்பவளின் நாவினின்றே இறைச்செய்தி பிறக்கிறது. ஆலயத்தில் சேர்ந்து அமர்தலைக் கொடுமை என எழுதிய அதே கைதான் இக்காட்சியையும் எழுதியது. இலக்கிய வகையின் இயல்பால் மட்டுமே இது நேர்ந்தது என்று வாதிடலாம். குறவஞ்சியில் குறத்தி வருவது மரபு; அதனைச் சமூகக் கருத்தாகக் கொள்வது மிகை என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், குறத்தியை விசுவாசம் என்று பெயரிட்டது மரபு தந்ததன்று. அது கவிஞரின் தேர்வு. தம் கொள்கை செல்லத் துணியாத இடத்திற்குச் சாஸ்திரியாரின் கவிதை சென்றிருக்கிறது என்றே இதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

சுவரும் உலையும்

இச்சிக்கல் சீர்திருத்தச் சபைக்கு மட்டும் உரியதன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயம் இரு தனி நடுக்கூடங்களைக் கொண்டிருந்தது. அவை பீடத்தில் வந்து இணைந்தன. இரு பிரிவினரும் ஒரே பீடத்தைக் காண இயலும். ஒருவரையொருவர் காண இயலாது. இறைவனோடுள்ள உறவையும் மனிதரோடுள்ள உறவையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கைக்குக் கட்டடக்கலை வழங்கிய வடிவம் இது. 1910இல் பிரிவுச்சுவர் அகற்றப்பட்டது. தனியிட உரிமை கோரி வெள்ளாளர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு இலக்கிய நிலையில் மறுமொழி எழுந்தது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (மறைவு 2005), 'பரட்டை' என்னும் புனைபெயரில் நாட்டார் இசையில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். இறைவனைப் 'பெத்தவரே' என்று பேச்சுத்தமிழில் விளித்தார். தாய் தந்தை இருவரையும் தழுவும் அவ்விளி, அழைப்போர் அனைவரையும் உடன்பிறப்புகளாக்கிவிடுகிறது. ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்ணுதலைத் தம் இறையியலின் மையமாகக் கொண்டார். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை இதைவிட நெருக்கமாகத் தமிழ் வாழ்வில் பொருத்திக் காட்டிய உருவகம் அரிது. சாஸ்திரியார் காத்துத் தந்த கீர்த்தனை மரபையே அப்பாவு மேட்டிமை இசை என விமரிசித்தார். ஆயினும், மக்கள் தம் மொழியில், தம் இசையில் இறைவனைப் பாட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். அம்மக்களுள் யார் யார் அடங்குவர் என்பதிலேயே வேறுபடுகின்றனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கிறித்தவ மறைநூலின் அளவுகோலின்படி உறவு என்பது வழிபாட்டிற்கு வெளியே நிற்கும் ஒழுக்கச் செய்தியன்று. அது வழிபாட்டின் ஒரு பகுதியாகும். எனவே, ஒரு பாடலின் இறையியலை மதிப்பிடும்போது அது பாடப்பட்ட அவையின் அமைப்பையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். இரண்டாவது, சாஸ்திரியாரின் சாதிக் கருத்தை மறைத்து அவர் கவிதையைப் போற்றுவதும், அக்கருத்தைக் காட்டி அவர் கவிதையைத் தள்ளுவதும் ஒருசேரக் குறைபாடுடையன. பல்கலைக்கழக வகுப்புகளில் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடமாக வைப்போர், 1820களின் தஞ்சைப் பூசலையும் அதனுடன் சேர்த்துக் கற்பிப்பது நலம். தலைவி குறத்தியிடம் கையை நீட்டும் காட்சியின் முழுப்பொருளும் அப்போதுதான் மாணவர்க்குப் புலனாகும்.