மெலாவத்திக் குன்றில் ஒரு குறை

கோலாசிலாங்கூரின் மெலாவத்திக் குன்றில் வழிகாட்டியோடு நடப்பது நல்லதொரு வரலாற்றுப் பாடம். இவ்வூர் சிலாங்கூர் சுல்தான்களின் பழைய தலைநகர். குன்றின்மேல் இருந்த அவர்தம் கோட்டையை 1784இல் டச்சுக்காரர் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் பெயரால் அல்திங்ஸ்பர்க் என்றழைத்தனர். 1785இலேயே சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டார். இக்கதையை வழிகாட்டிகள் சுவைபடவே சொல்லுகின்றனர்.

ஆயினும் கலங்கரை விளக்கத்தை அடைந்ததும் கதை மெலிந்துவிடுகிறது. ஆங்கிலேயர் 1907இல் கட்டியது என்பதோடு நிறுத்தி, பேச்சைக் குரங்குகளின்பால் திருப்பிவிடுகின்றனர். அதே 1907இல்தான் தமிழர் குடியேற்ற நிதியும் நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் தண்டிய வரியால் தென்னிந்தியத் தொழிலாளரின் கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. அவ்வாறு வந்த தமிழர் உழைப்பில்தான் புக்கிட் ரோத்தானிலும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் பால்மரக் காடுகள் எழுந்தன. அவர்தம் பேரர்கள் பள்ளிச் சுற்றுலாவில் இக்குன்றேறி, பாட்டனைப் பற்றி ஒரு சொல்லும் கேளாது இறங்குகின்றனர்.

சுல்தான்களின் வரலாற்றைக் குறைக்க வேண்டுவதில்லை. விளக்கின் அடியில் நின்று கடலைக் காட்டும் கை, நிலப்புறமும் ஒருமுறை திரும்பினால் போதும்.

குறை வழிகாட்டிகளுடையது மட்டுமன்று. லயங்கள் பல மறைந்துவிட்டன. பெரட்டுக்களத்தையும் ஆயாக் கொட்டகையையும் அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்வதை நாம் எழுதிவையாமல், பிறர் சொல்லவில்லையே என்று வருந்துவதில் பயன் என்ன?