பெயரும் பொறுப்பும்: சுவடிக்கூட அடையாளக்குறிகள் பற்றிய ஒரு நோக்கு

ஆவணமொன்றைச் சுவடிக்கூடத்திற் சேர்ப்போர் முதலிற் செய்யும் காரியங்களுள் ஒன்று, அதற்கு ஓர் அடையாளக்குறி வழங்குதலாகும். தலைப்பு மாறலாம், ஆசிரியர் பெயர் பலவாறு எழுதப்படலாம், பெட்டியும் தட்டும் இடம்பெயரலாம். இவையெல்லாம் மாறிய பின்னரும் குறித்த ஆவணம் இதுவேயென்று சுட்ட உதவுவது அக்குறியே. அண்மைக் காலத்தில் இப்பணியைக் கணினிச் சேவைகள் ஏற்றுள்ளன. அவற்றுள்ளும் 'சேவையகமற்ற' மேகக்கணிமை எனப்படும் முறையில் அமைந்த சேவைகள், ஆளும் பொருளும் குறைந்த சிறிய சுவடிக்கூடங்களுக்குப் பெரிதும் ஏற்றனவாகத் தோன்றுகின்றன. அவை எதனைச் செவ்வனே செய்கின்றன, எதனைச் செய்ய இயலாதன என்பதை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும்.

குறியீட்டின் இயல்பை விளங்கிக்கொள்வதற்குப் பழைய உதாரணமொன்று துணைபுரியும். சேர் றொபேட் கொற்றன் (1571-1631) தமது ஏட்டுப் பிரதிகளை அடுக்கிய அலுமாரிகளின் மேல் உரோமப் பேரரசர் முதலியோரின் மார்பளவுச் சிலைகள் இருந்தன. எந்தச் சிலையின் கீழ், எந்தத் தட்டில், எத்தனையாவது ஏடு என்பதே அவரது குறியீட்டு முறை. பழைய ஆங்கிலக் காப்பியமான பேயோவுல்ஃப் அடங்கிய ஏடு 'விற்றெல்லியஸ் ஏ 15' எனப்பட்டது இவ்வாறே. 1731 இல் அஷ்பர்ன்ஹாம் மாளிகையில் நேர்ந்த தீ விபத்தில் அவ்வேட்டின் ஓரங்கள் கருகின. தொகுதி பின்னர் பிரித்தானிய அரும்பொருட் சாலையையும், அதன்பின் பிரித்தானிய நூலகத்தையும் சேர்ந்தது. சிலையின் கீழ் அவ்வேடு இருந்த காலம் போய்விட்டது. குறி மட்டும் இன்றும் வழங்குகின்றது. இடத்தைச் சுட்டிய பெயர், இடத்தை இழந்து, வெறும் பெயராகி நிலைத்தது. அது நிலைத்தமைக்குக் காரணம் குறியின் அமைப்பன்று. ஒருவர்பின் ஒருவராக வந்த காப்பாளர்கள் அதனை மாற்றாது பேணியமையேயாகும்.

கொற்றனின் குறி காலப்போக்கில் அடைந்த நிலையை இக்காலத்தார் தொடக்கத்திலேயே திட்டமிட்டு அமைக்கின்றனர். 2001 இல் ஜோன் குன்சே முதலியோர் முன்வைத்து, கலிபோர்னியா டிஜிற்றல் நூலகத்தில் வளர்த்தெடுத்த 'ஆர்க்' முறை இதற்குத் தக்க சான்றாகும். அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. பிரான்சின் தேசிய நூலகத்துக்குரியது 12148. அதனையடுத்து ஆவணத்துக்குரிய குறி வரும். இக்குறி பொருளெதனையும் தன்னுள் ஏற்றிக்கொள்ளாதிருத்தலே சிறந்தது என்பது இம்முறையினரின் கொள்கை. துறையின் பெயரைக் குறியிற் புகுத்தினால் அத்துறை கலைக்கப்படும் நாளில் குறி பொய்யாகும். ஆண்டைப் புகுத்தினால், ஆண்டு தவறென்று பின்னர் தெரியவரும்போது குறியையும் திருத்த வேண்டுமென்ற எண்ணம் எழும். பொருளற்ற குறிக்குப் பொய்யாகும் வாய்ப்பில்லை.

இக்கொள்கைக்கிணங்க எழுந்த 'நொயிட்' என்னும் மென்பொருளின் நுட்பம் பாராட்டத்தக்கது. தற்செயலாகச் சொற்கள் உருவாகாதவாறு அது ஆங்கில உயிரெழுத்துக்களையும் 'வை' என்னும் எழுத்தையும் விலக்குகின்றது. ஒன்று என்னும் இலக்கத்தோடு மயங்கக்கூடிய 'எல்' எழுத்தையும் விலக்குகின்றது. எஞ்சிய 19 எழுத்துக்களும் 10 இலக்கங்களும் சேர்ந்து 29 ஆகின்றன. 29 ஒரு பகா எண்ணாதலின், அதனை அடிப்படையாகக்கொண்டு கணிக்கப்படும் இறுதிச் சரிபார்ப்பெழுத்து, ஓர் எழுத்து பிழைபட்டாலும் அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கள் இடம்மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் இழைக்கும் பிழைகளை நன்கறிந்தவர்களின் வேலை இது.

இத்தகைய குறிகளை வழங்கும் பொறுப்பே சேவையகமற்ற சேவையிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அமேசன் நிறுவனம் 2014 இல் 'லாம்டா' என்ற பெயரில் அறிமுகஞ்செய்த இம்முறையில், சுவடிக்கூடம் தனக்கெனக் கணினியொன்றை இரவுபகலாக இயக்கவேண்டியதில்லை. வேண்டுகோள் வரும்போது சிறு நிரலொன்று விழித்தெழுந்து, குறியொன்றை ஆக்கிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். இயங்கிய அளவுக்கே கட்டணம். ஆனால் இந்நிரலுக்குத் தன் நினைவென்று நம்பத்தக்கது எதுவுமில்லை. இருவர் ஒரே கணத்திற் குறி கேட்டால் அதன் இரண்டு பிரதிகள் ஒன்றையொன்று அறியாது இயங்கும். 'இறுதியாக வழங்கிய இலக்கம் எது' என்பதை ஒவ்வொன்றும் தன்னுள்ளேயே வைத்திருக்குமாயின் இருவருக்கும் ஒரே குறி கிடைத்துவிடும். எனவே நிரலுக்கு வெளியே பதிவட்டவணை ஒன்று வேண்டும். 'இக்குறி ஏற்கெனவே இல்லையாயின் மட்டும் பதிக' என்ற நிபந்தனையோடு எழுதி, எழுத்து ஏற்கப்பட்ட பின்னரே குறி வெளிவிடப்படல் வேண்டும்.

அட்டவணையே வேண்டாமென்று கருதுவோர் 'யூயூஐடி' எனப்படும் எழுமாற்றுக் குறிகளை நாடுவர். அவற்றில் 122 இருமக்கூறுகள் எழுமாற்றாக அமைவதால் ஒரு குறி மீண்டும் தோன்றுமென்ற அச்சம் நடைமுறையில் இல்லை. எனினும் 36 வரியுருக்கள் கொண்ட குறியைப் பெட்டியின் மேல் எழுதுவோரும் தொலைபேசியிற் சொல்வோரும் படும் இடர் சிறிதன்று. சரிபார்ப்பெழுத்தும் அதில் இல்லை. இதனினும் பெரிய குறைபாடொன்றுண்டு. அட்டவணையைக் கைவிடும்போது, எக்குறி எந்த ஆவணத்துக்கு எப்போது, யாரால் வழங்கப்பட்டது என்ற வரலாறும் கைவிடப்படலாம். தனித்துவம் கணிதத்தாற் கிடைக்கும். வரலாறு பதிவேட்டினாலேயே கிடைக்கும்.

இங்குதான் இச்சேவைகள் பற்றிய மதிப்பீட்டின் மையம் உள்ளது. 'சேவையகமற்ற' என்ற சொல் மயக்கந் தருவது. சேவையகம் இல்லாமற் போகவில்லை. பிறர் உடைமையாகக் கண்ணுக்கு மறைவில் உள்ளது. நிரல் எழுதப்பட்ட மொழியின் பழைய பதிப்புக்குச் சில ஆண்டுகளில் ஆதரவு நிறுத்தப்படும். கட்டணம் செலுத்தத் தவறின் கணக்கு மூடப்படும். எனினும் இவற்றைக்கொண்டு இம்முறையை முற்றாக நிராகரித்தல் நியாயமாகாது. குறி வழங்கும் கருவி அழியலாம். அதன் இடத்திற் பிறிதொன்றை வைக்கலாம். கொற்றனின் அலுமாரிகளும் அத்தகையனவே. அழியக்கூடாதது பதிவேடு. ஆகவே கருவியை மறதியுள்ள இயந்திரத்திடம் விடுவதிற் குற்றமில்லை. பதிவேட்டையும் அதனிடமே விட்டு அமைதிகொள்வதே குற்றம்.

ஆர்க் முறையினர் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். குறியின் இறுதியில் இரண்டு வினாக்குறிகளைச் சேர்த்தால், அதனைப் பேணும் நிறுவனம் தரும் உறுதிமொழியைக் காட்டவேண்டுமென்று அவர்கள் வகுத்தனர். நிலைபேறு என்பது குறியின் குணமன்று, அதனை வழங்கியோரின் வாக்கு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கமில்லை. அவ்வாக்கு கைமாறவும் கூடும். ஓ.சி.எல்.சி. 1995 இல் தொடங்கிய 'பேர்ல்' என்னும் நிலைமுகவரிச் சேவை, 2016 இல் இன்ரர்நெற் ஆர்க்கைவ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வாரிசு இருந்தமையால் முகவரிகள் பிழைத்தன.

வலிய நிறுவனங்களும் தளரும் என்பதை 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகத்துக்கு நேர்ந்த கணினித் தாக்குதல் காட்டிற்று. அதன் பிரதான நூற்பட்டியல் 2024 ஜனவரியிலேயே, அதுவும் பார்வைக்கு மட்டுமாக, மீண்டது. இணையத்திலிருந்த ஏட்டுப் படிமங்கள் நெடுநாள் எட்டாதிருந்தன. அவற்றுக்கு இட்டுச்செல்லும் இணைப்புக்கள் பயனற்றுப்போன நாட்களிலும், அச்சிட்ட பட்டியல்களிலும் ஆய்வாளரின் அடிக்குறிப்புக்களிலும் 'விற்றெல்லியஸ் ஏ 15' என்ற பெயர் தன் பணியைச் செய்துகொண்டேயிருந்தது. பதிவேடு பலவிடங்களில், பல வடிவங்களில் இருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

நம்மவர் முயற்சிகளுக்கும் இது பொருந்தும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண்ணை வழங்கி வருகின்றது. ஒரே ஆசிரியர் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல வடிவங்களில் வழங்கும் நம் சூழலில், பொருளேற்றாத எண்ணின் பயன் வெளிப்படை. சிறு சுவடிக்கூடம் எந்தக் கருவியைக் கைக்கொண்டாலும் மூன்றினை விட்டுக்கொடுத்தலாகாது: எளிய எழுத்துவடிவிற் காலந்தோறும் பெயர்த்தெடுத்து, கடதாசியிலும் வைக்கப்படும் பதிவேடு, தன் பெயரிலேயே அமைந்த இணைய முகவரி, தான் இல்லாதுபோகும் நாளில் பொறுப்பேற்பவர் யாரென்ற எழுத்துமூல ஏற்பாடு. இம்மூன்றும் உள்ளவிடத்துச் சேவையகமற்ற சேவை நல்ல பணியாள். இவை இல்லாதவிடத்து அது வழங்கும் ஒவ்வொரு குறியும், நிறைவேற்றுவாரில்லாத வாக்குறுதியாகவே எஞ்சும்.