மீனாட்சியம்மாள் பாடல்களும் இலக்கிய வரலாறும்

மலையக இலக்கிய வரலாற்றிலே கோ. நடேசய்யருக்கு உரிய இடம் கிடைத்துள்ளது. 1924இல் கொழும்பில் தோன்றிய 'தேசபக்தன்' பத்திரிகைப் பணியிலும் மேடையிலும் அவருடன் உழைத்த துணைவியார் மீனாட்சியம்மாளோ, பெரும்பாலும் கணவர் வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சுகிறார்.

1939இல் இலங்கை அரசு இந்தியத் தினக்கூலித் தொழிலாளரை வேலைநீக்கம் செய்தது. அடுத்த ஆண்டில் வெளிவந்த அவரது 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடற்றொகுதி அச்சூழலில் வைத்தே நோக்கத்தக்கது.

அவற்றைப் பிரசாரப் பாடல்கள் என ஒதுக்குதல் எளிது. பிரசாரமே, மறுக்க வேண்டியதில்லை. ஆயின், எழுத்தறிவு மறுக்கப்பட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் துண்டுப்பிரசுரம் பேசாது. அவள் செவி பழகிய மெட்டே பேசும். அம்மெட்டிலே புதிய அரசியற் பொருளை ஏற்றியமையே அவரது ஆக்கத்திறன். தாளில் மட்டும் வாசித்துச் சொல்நயம் தேடும் திறனாய்வுக்கு இது புலப்படாது. (பெயரறியாதார் பாடிய நாட்டார் பாடலைப் போற்றும் நாம், பெயருடைய பெண்ணொருத்தி அவ்வழியிலே பாடும்போது இலக்கியத் தகுதி கேட்பது விந்தையே.)

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் நிலையும் இதனை ஒத்ததே. மா ரெய்னி, பெஸி ஸ்மித் ஆகியோரின் புளூஸ் பாடல்கள் 1920களிலேயே இசைத்தட்டுகளாய்ப் பரவின. அவற்றிற் பொதிந்த பெண்ணியச் சிந்தனையை விரிவாக ஆராய்ந்த ஏஞ்சலா டேவிஸின் நூல் 1998இலேதான் வெளிவந்தது.

எனவே அத்தொகுதியை மெட்டுக் குறிப்புகளுடன் மீளப் பதிப்பித்தல் வேண்டும். ஈழத்துக் கவிதை கற்பிக்கும் வகுப்பிலே அது வாசிக்கப்படுதல் போதாது, பாடப்படவும் வேண்டும்.