பேழைக்குள் பிரிந்த மேளம்

பிரசல்ஸ் நகர இசைக்கருவி அருங்காட்சியகம், அந்நகருக்குப் பயணம் செல்லும் தமிழிசை ஆர்வலர் கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1877இல் நிறுவப்பட்ட அதன் தொடக்கத் தொகுப்புகளுள் ஒன்று இந்தியாவிலிருந்து சென்றதாகும். 1871இல் கல்கத்தாவில் இசைப்பள்ளி கண்ட சௌரீந்திர மோகன் தாகூர், 1876இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். நம் இசையின் பெருமையை ஐரோப்பியர் அறிய வேண்டும் என்பது அவர் நோக்கம். கருவிகளைக் காத்தமைக்கு அந்நிறுவனம் நம் நன்றிக்குரியது. கருவிகளைப் பகுத்த முறையே ஆய்வுக்குரியது.

அதன் முதற்காப்பாளர் மாயியோன், ஒலி பிறக்கும் வகையால் கருவிகளை நான்காகப் பகுத்தார். அதனை விரித்தே ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் இருவரும் 1914இல் இன்று உலகெங்கும் வழங்கும் பகுப்பினை அமைத்தனர். நரம்பு, துளை, தோல், கஞ்சம் என்னும் நம் பகுப்பும் இதனை ஒத்ததே. ஆதலின் குறையை மேலைநாட்டார்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. இப்பகுப்பின்படி நாதசுவரம் துளைக்கருவி, தவில் தோற்கருவி, தாளம் கஞ்சக்கருவி. மூன்றும் மூன்று பேழைகளுக்கு உரியன. இவை கூடி அமையும் பெரிய மேளத்திற்கு அங்கே இடமில்லை.

மார்சிலிங்வாசியாகிய எனக்கு இவ்வின்மை பெரிதாகவே பட்டது. மார்சிலிங் ரைஸ் சிவகிருஷ்ணன் கோயிலில் விழா நாளன்று மேளம் முழங்குவதைக் கேட்டோர் இதனை உணர்வர். நாதசுவரக்காரர் சீவாளியை வாயில் நனைத்துப் பதம் பார்க்கிறார். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டி, இடக்கையில் கழியை எடுக்கிறார். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் அறிந்து நிரப்புகிறார். சுவாமி புறப்பாட்டிற்கு மல்லாரி. கருவி, வேளை, வாசிப்பு ஆகியவற்றைப் பிரித்தறிய இயலாத நிலை அது.

2000ஆம் ஆண்டில் இப்போதைய கட்டடத்திற்கு வந்தபோது, கருவியின் ஒலியைக் காதொலிப்பான்வழிக் கேட்கும் வசதியை அருங்காட்சியகம் செய்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் வெட்டவெளியில் ஊர் கேட்க எழும் நாதசுவரம் ஒருவர் செவிக்குள் ஒடுங்கும்போது அதன் இயல்பில் பாதி போய்விடுகிறது.

கைம்முறை அற்றுப்போன யாழின் அமைப்பை நூற்சான்றுகளிலிருந்து மீட்க விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. 1947இல் வெளிவந்த யாழ்நூல் அவ்வுழைப்பின் பயன். மேளத்திற்கு அந்நிலை இன்னும் வரவில்லை. வாசிப்போர் நம்மிடையே இருக்கின்றனர். சிங்கப்பூரில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் போன்றவை மேளத்தைக் காட்சிப்படுத்த முனையின், நாதசுவரத்தையும் தவிலையும் தாளத்தையும் ஒரே பேழையில் வைத்தல் வேண்டும். சீவாளியும் விரற்கூடும் உடனிருத்தல் வேண்டும். ஒலிப்பதிவோ, ஒரு புறப்பாட்டின் தொடக்கம் முதல் இறுதிவரை கோயிலிலேயே எடுத்ததாக இருத்தல் நன்று.