பட்டியலும் பேயும்

வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குச் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. பார்வை பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். கலைஞனின் பார்வை, வாசகனின் பார்வை, பார்வையின் தீவிரம். கண்ணுக்கு மட்டுமே வேலை கொடுத்து, அந்தக் கண் எப்படிக் குருடாகிறது என்பதைச் சில மணி நேரத்தில் காட்டிவிடுகிற ஓர் உருவம் இருக்குமானால், அதை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஒளிந்திருக்கும் பொருள்களைத் தேடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் சொல்கிறேன். நான் ஆடியது 'ரேவன்ஹர்ஸ்ட்'. சியாட்டிலைச் சேர்ந்த பிக் ஃபிஷ் கேம்ஸ், 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' என்ற தொடரில் 2006இல் வெளியிட்டது. கதை இங்கிலாந்தில், பிளாக்பூலில் நடக்கிறது. பாழடைந்த மாளிகை ஒன்று. அமெரிக்காவிலிருந்து ஆசிரியையாக வந்த எம்மா, சார்லஸ் டாலிமார் என்பவனை மணக்க மறுக்கிறாள். அவள் பெயரையே தாங்கிய அந்த மாளிகையில் அவளை அடைத்துவைக்கிறான். துப்பறிபவராக நாம் உள்ளே போகிறோம். கிழிந்து சிதறிய அவளுடைய நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாக மீட்க வேண்டும்.

மீட்கும் வழிதான் விசேஷம். ஒவ்வோர் அறையும் சாமான்களால் நிரம்பி வழியும் ஒரு படம். பக்கத்திலேயே ஒரு பட்டியல்: குடை, சாவி, பல்லி, சீட்டு என்பது போல. குறித்த நேரத்துக்குள் அவற்றைக் கண்டுபிடித்துச் சுட்ட வேண்டும். சுட்டியதும் பொருள் மறைகிறது, பட்டியலில் அதன் பெயர் அடிபடுகிறது. பெயர்கள் தீர்ந்தால் அடுத்த அறை. இடையிடையே கதவுகளில் விபரீதமான பூட்டு இயந்திரங்கள். ஒன்றைத் திறந்தால் எம்மா எழுதியதில் கொஞ்சம் கிடைக்கிறது.

முதல் அரைமணி நேரம் நான் பயந்தது உண்மை. இருட்டு, சங்கீதம், யாரோ நின்றுவிட்டுப் போனது போன்ற அறைகள். பிறகு பயம் போய்விட்டது. பழக்கம் காரணமல்ல; பட்டியல்தான் காரணம். குடையைத் தேடும் கண்ணுக்குச் சுவர் ஒரு தடங்கல், நிழல் ஒரு தடங்கல், அறையே ஒரு தடங்கல். வீட்டை நான் பார்க்கவில்லை. குடை இல்லாத இடங்களைத் தள்ளிக்கொண்டே போனேன்.

ஒரே ஓர் இடத்தில் இந்த உருவம் கவிதையைத் தொடுகிறது. பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'பேட்' என்று ஒரு சொல் வந்தால் அது வௌவாலா, பந்தடிக்கும் மட்டையா? 'போ' என்றால் வில்லா, ரிப்பன் முடிச்சா? தீர்மானமாகும் வரையில் கண் இரண்டுக்குமாக அலைகிறது. அந்தச் சில விநாடிகள் அறை முழுவதும் உயிர்பெற்றுவிடுகிறது. எதுவும் எதுவாகவும் இருக்கக்கூடும். பொருள் கிடைத்ததும் சொல் சுருங்கிச் செத்துவிடுகிறது. சிலேடையை ரசிப்பதற்கும் இதற்கும் தூரமில்லை. ஆனால் சிலேடையில் இரண்டு அர்த்தமும் தங்கும். இங்கே ஒன்றைக் கொன்றுதான் இன்னொன்று கிடைக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மண்டையோடு, மணல் கடிகாரம், அணைந்த மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் ஒரே மேஜைமேல் குவித்து வரைந்தார்கள். இந்த அறைகளும் அந்த மேஜை போலத்தான் தோன்றுகின்றன. ஆனால் அங்கே மண்டையோட்டை எடுத்துக்கொண்டு போக யாரும் சொல்வதில்லை. பழத்தின் பக்கத்தில் அது இருந்துகொண்டிருப்பதுதான் ஓவியம். இங்கே பொருளுக்குப் பொருள் உறவு கிடையாது. எல்லாவற்றுக்கும் பட்டியலோடு மட்டும்தான் உறவு. போ 1844இல் எழுதிய திருட்டுக் கடிதக் கதையில் போலீஸார் அங்குலம் அங்குலமாக வீட்டைச் சோதிக்கிறார்கள். கடிதம் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. முறை தவறாத தேடல் என்பது பார்க்காமலிருப்பதற்கு ஒரு வழி என்று போவுக்குத் தெரிந்திருந்தது. 'ரேவன்ஹர்ஸ்ட்' அந்தப் போலீஸ்காரனின் வேலையை நமக்குக் கொடுக்கிறது.

எம்மாவுக்கு வருகிறேன். ஒரு பெண்ணின் சிறைவாசம் இங்கே சன்மானமாக வழங்கப்படுகிறது. இத்தனை பொருள் கண்டுபிடித்தால் அவள் துயரத்தில் இத்தனை வரி. அவள் எழுதியதை நான் அவசரமாகப் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த அறை காத்திருந்தது. அவள் ஆவி அடைபட்டுக் கிடக்கும் அதே வீட்டில் நான் பல்லி தேடிக்கொண்டிருந்தேன். சார்லஸும் அவளை வீட்டுச் சாமான்களில் ஒன்றாகத்தானே வைத்திருந்தான்? அவளை விடுவிக்க வந்தவனும் அந்த வீட்டில் சாமான்களை மட்டுமே பார்க்கிறான். செய்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. கதை சாதாரண மெலோடிராமா. ஆனால் உருவம், தன்னைச் செய்தவர்களைவிட அதிகமாகத் தெரிந்துவைத்திருக்கிறது. அதிலுள்ள உண்மையான பயங்கரம் பேயிடத்தில் இல்லை, என் கண்ணிடத்தில் இருக்கிறது.

2011இல் வந்த 'எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹர்ஸ்ட்' இதை நேர்மாறாகப் புரட்டியது. பட்டியல் போய்விட்டது. அறையில் சில பொருள்கள் மெல்ல உருமாறிக்கொண்டே இருக்கும். மாறுவது எது என்று கண்டுகொள்ள வேண்டும். பெயர் கையில் இல்லாமல் காத்திருக்க வேண்டும், முழு அறையையும் பார்க்க வேண்டும். இந்த வகையில் இதுவரை நேர்ந்த உருவ மாற்றங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். துரதிர்ஷ்டம் என்னவென்றால், கண் திறந்த அந்த நேரத்தில் காட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது அதிர்ச்சி மட்டுமே. இயந்திர பொம்மைகள், சார்லஸின் கடந்த காலத்து விகாரங்கள். முதலில் கதை இருந்தது, பார்வை இல்லை. பிறகு பார்வை வந்தது, பார்க்கத் தகுந்தது வரவில்லை.

இது வெறும் விளையாட்டு, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். விளையாட்டை மூடிவைத்த பிறகு, யாரோ தபாலில் அனுப்பியிருந்த கவிதைத் தொகுப்பைப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே பென்சில் கைக்கு வந்துவிட்டது. படிமம் ஒன்று, முரண் ஒன்று, தொன்மம் ஒன்று. அடிக்கோடிட்டு அடுத்த பக்கம். பல வருஷங்களாக நான் இப்படித்தான் படித்து வந்திருக்கிறேன்; என் மதிப்புரைகள் சிலவும் இப்படி எழுதப்பட்டவைதான். பென்சிலைத் தள்ளி வைத்துவிட்டு முதல் கவிதைக்குத் திரும்பிப் போனேன். அதில் ஒரு வீடு இருந்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.