ஷிரின் நெஷாத்: எழுத்தும் குரலும்

ஒரு கலைஞர் தம் மண்ணைப் பற்றி ஆக்குவனவற்றை அம்மண்ணின் மக்களே தம் நாட்டிற் காண இயலாதபோது, அவ்வாக்கங்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன என்ற வினா எழுதல் இயல்பே. ஈரானிற் பிறந்து நியூயோர்க்கில் வாழும் ஷிரின் நெஷாத்தின் கலைவாழ்வு, இவ்வினாவுக்கு விடைதேடும் முயற்சியாகவே அமைந்துள்ளது எனலாம்.

1957 இல் காஸ்வின் நகரிற் பிறந்த இவர், பதினேழாம் வயதிற் கல்வியின் பொருட்டு ஐக்கிய அமெரிக்கா சென்றார். 1979 இல் நிகழ்ந்த புரட்சியை அங்கிருந்தே அறிந்தார். 1990 இல் தாயகம் மீண்டபோது அவர் கண்டது, தாம் விட்டுச்சென்ற ஈரானை அன்று. அந்த அதிர்ச்சியின் விளைவே 1993 முதல் 1997 வரை உருவான 'அல்லாஹ்வின் பெண்கள்' என்னும் கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தொடராகும்.

முக்காடிட்ட பெண், அருகே துப்பாக்கி, முகத்திலும் கைகளிலும் பாதங்களிலும் மையால் எழுதப்பெற்ற பாரசீகக் கவிதைகள். இவற்றுட் சில, பெண்ணுடலின் வேட்கையைப் பாடிய ஃபரூக் ஃபரூக்சாத்தினுடையவை. வேறு சில, சமய நம்பிக்கையையும் புரட்சியையும் பாடிய தாஹிரே சஃபார்சாதேயினுடையவை. இவ்விரு குரல்களுக்குமிடையேயுள்ள முரணே தொடரின் உயிர். ஆயின் பாரசீகம் அறியாத மேலைநாட்டுப் பார்வையாளனுக்கு இரண்டும் ஒன்றே. அவன் கண்ணில் எழுத்து அணியாகிவிடுகிறது. மறைவசனமென மயங்கவும் இடமுண்டு. பெண்ணின் குரலாக வந்தது அவளுடலை மூடும் மற்றொரு திரையாகிவிடுகிறது. தொடரின் ஆற்றலும் குறைபாடும் இதுவே.

இக்குறைபாட்டைக் கடந்த ஆக்கம் 1998 இல் வெளிவந்த 'கொந்தளிப்பு' என்னும் வீடியோப் படைப்பாகும். எதிரெதிரான இரு திரைகளுக்கு நடுவே பார்வையாளன் நிற்கிறான். ஒரு திரையில், ஆண்கள் நிறைந்த அரங்கில் ஓர் ஆண் ரூமியின் கவிதையைப் பாடிக் கைதட்டல் பெறுகிறான். மறு திரையில், வெற்றிருக்கைகளின் முன் ஒரு பெண் பாடுகிறாள். ஆடவர் முன்னிலையிற் பெண் தனித்துப் பாடுதல் புரட்சிக்குப் பின்னர் ஈரானில் தடைசெய்யப்பட்டதென்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. சூசன் தெய்ஹிம் பாடிய அப்பாடலிற் சொற்களே இல்லை; மூச்சும் ஓலமும் மட்டுமே உள்ளன. மொழிபெயர்ப்பு வேண்டாத குரல் இது. எனவே தெஹ்ரானுக்கும் நியூயோர்க்குக்கும் ஒருங்கே கேட்கிறது. 1999 இல் வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியில் அவர் பரிசு பெற்றமை வியப்பன்று.

2009 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் நெறியாள்கைக்கான வெள்ளிச் சிங்கம் பெற்ற 'ஆண்களற்ற பெண்கள்', ஷஹ்ர்னூஷ் பார்சிபூரின் நாவலைத் தழுவியது. 1953 இல் மொசாத்தெக்கின் அரசு கவிழ்க்கப்பட்ட சூழலிற் பெண்களின் வாழ்வைக் காட்டுவது. காட்சிகளின் அழகு ஐயத்துக்கிடமற்றது. எனினும் புகைப்படத்துக்கு உயிரூட்டிய அசைவின்மை, கதைமாந்தரின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மொரோக்கோவிற் படமாக்கப்பட்ட தெஹ்ரான், நினைவின் நகராகவே நின்றுவிடுகிறது.

2019 இல் வந்த 'கனவுகளின் நிலம்' வேறொரு திசையைக் காட்டுகிறது. இங்கு படத்திலிருப்போர் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அமெரிக்க மக்கள். சில படங்களில் அவர்தம் கனவுகள் பாரசீகத்தில் எழுதப்பட்டுள்ளன. தன்னைப்பற்றி எழுதப்பட்டதைத் தானே வாசிக்க இயலாத நிலை இப்போது அமெரிக்கனுக்கு உரியதாகிறது. முன்னர்க் குறையாக நின்ற வாசிக்கப்படாத எழுத்து, இங்கு கருப்பொருளாகவே உயர்கிறது. தம் கலையின் பலவீனத்தையே பொருளாக்கும் துணிவிலேதான் நெஷாத்தின் முதிர்ச்சி தங்கியுள்ளது.